மாமூல் தடம்

குழியை எங்கே வெட்டச் சொல்வது என்று லோகு மறுபடியும் வந்து கேட்டபோது, சசிரேகா அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கித் தூக்கி அகன்றுபோன பாதங்கள். விரல்கள் சேர மாட்டேன் என்றன. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"அக்கா, உன்னத்தான் கேக்கறேன்."

"கேக்குது. இதைக் கொஞ்சம் அழுத்திப் பிடி."

தம்பி குனிந்து பிடித்தான். காலையில் பால் வாங்கக் கிளம்பிய மனிதர் செருப்பை மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் முனிரத்தினத்தின் சாவு. யாரையும் ஆஸ்பத்திரி வாசலில் காக்க வைக்கவில்லை. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றை அம்மா இன்னும் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

லோகுவின் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஊர்ச் சுடுகாடு ஏரிக்கு மேற்கே இருக்கிறது. அதில் இவர்களுக்கு இடம் கிடையாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. டவுனில் இவர்கள் பிறந்து வளர்ந்த தெருவுக்கென்று இருந்த இடுகாட்டின் மேல் இப்போது லாரிகள் ஓடுகின்றன. மிச்சம் இருந்தது வெண்ணாம்பட்டு காலனிக்காரர்களின் சுடுகாடு. அது இந்த வீட்டின் பின்வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது.

அந்த வேலியைப் போடச் சொன்னது சசிரேகா.

"காலனியில சின்னதுரைகிட்டப் போய்க் கேளு," என்றாள்.

"நானா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

"இருக்கற மூஞ்சியத்தான்."

லோகு போனான். அவள் அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈயை விரட்டினாள்.

லட்சுமி கார்டன் என்று பெயர் வைத்த அந்த மனைப் பிரிவில் நிலம் வாங்குவதென்று முடிவானபோது, வீட்டில் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதற்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரி. அப்பா அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். விலாசத்தில் காலனி என்ற சொல் வராத ஒரு இடம் வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். ஷூ கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. இன்டர்வியூவில் விலாசத்தைப் படித்துவிட்டு ஒருத்தன் நிமிர்ந்து பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லை.

புரோக்கர் பரந்தாமன் வில்லங்கச் சான்று தானே எடுத்துத் தருவதாகச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு என்று ஒவ்வொன்றாகத் தட்டி, போனுக்கு வந்த எண்ணைப் போட்டு, பணம் கட்டி, அவளே எடுத்தாள். யாரிடமும் கையைக் கட்டி நிற்காமல், யாரையும் சார் என்று கூப்பிடாமல் கையில் வந்த அரசாங்கத் தாள். அதில் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

அன்று மாலை நடு வீட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். இன்னார் இன்னாருக்கு விற்றது. அடமானம் இல்லை. ஜப்தி இல்லை. நான்கு எல்லைகள். நடுவில் ஒரு வரி: 'கிழமேலாகச் செல்லும் மாமூல் தடம் நீக்கி மீதி.'

"மாமூலா?" என்றான் லோகு.

"அந்தக் காலத்துலயே ரிஜிஸ்டர் ஆபீசுல மாமூல் வாங்கியிருக்கானுங்க. அதையும் வெக்கமில்லாம எழுதி வச்சிருக்கானுங்க பாரு," என்றாள்.

லோகு தரையில் புரண்டு சிரித்தான். அப்பாவும் சிரித்தார். மறுநாள் மில்லில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தாராம். சிரித்து முடித்துக் கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மொத்தத்துல வில்லங்கம் இல்லதானம்மா?"

"இல்லப்பா."

அந்த ஒரு சொல்லைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

வீடு எழும்பியது. வாஸ்து பார்த்தவர் சொன்னாரென்று மனையின் பின்பாதியில் நின்ற ஒற்றைப் பனையை வெட்டினார்கள். கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த அன்று சின்னதுரையும் காலனிப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பாட்டன் காலத்திலிருந்து பிணம் எடுத்துப் போகிற வழி இது, ஒரு பாடை போகிற அளவு விட்டால் போதும் என்றார்கள். முன்னே இருந்த நிலக்காரன் ஊர்க்காரன்தான், அவன்கூட மறித்ததில்லை என்றார்கள்.

அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல எடுத்துப் பாத்துட்டாங்க. கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்குது. வில்லங்கம் இல்ல."

சின்னதுரை அவளைப் பார்த்தான். "நீங்களும் நம்ம ஆளுங்கதான? தெரியாதா உங்களுக்கு?"

தெருவில் எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குக் கேட்டிருக்குமோ என்பதுதான் சசிரேகாவுக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகு வந்த கோபம்தான் பேசியது.

"வழி இருந்தா எழுத்துல காட்டுங்க. வாயால சொன்னா வழி ஆயிடுமா?"

அவர்களிடம் எழுத்து எதுவும் இல்லை. போய்விட்டார்கள். சான்றுத் தாள் அப்போது அவள் கையில்தான் இருந்தது. சுருட்டி வைத்திருந்தாள்.

மாடி கட்டக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் தெரிந்தது. பத்திரம் சரிபார்க்கிற வக்கீல் தலையை நிமிர்த்தாமலே அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டார். தடம் விட்டிருக்கீங்களாம்மா என்றார். எந்தத் தடம் என்றாள். மாமூல்னா வழக்கம், வழக்கமா ஜனம் நடக்கிற வழி, லஞ்சத்துக்கு அந்தப் பேரு வந்ததே வழக்கமா வாங்கறதாலதான் என்றார். அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். அவளுக்குக் காது மடல் எரிந்தது. கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வட்டி அதிகம்பா, வேணாம் என்று வீட்டில் சொன்னாள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

போன மழையில் சின்னதுரையின் அம்மா காசியம்மாள் செத்துப்போனாள். ஏரி நிரம்பிச் சுற்றுவழியில் தொடையளவு தண்ணீர். பாடையைத் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு அந்தத் தண்ணீரில்தான் இறங்கினார்கள். இறங்கும் முன் இவர்கள் வீட்டு வாசலில் பறையை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்பா கேட்டுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, பாவமாத்தான் இருக்குது, ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதே என்றார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அப்பாவைத் தலைகுனிய விடக் கூடாதென்றுதான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது உண்மையில்லை. அவர் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிடக் கூடாது. அதுதான் உண்மை.

லோகு சீக்கிரமே திரும்பி வந்தான். ஏதாவது ஏச்சுப் பேச்சு வாங்கியிருப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"என்னடா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியாடான்னு கேட்டாங்க. குழி வெட்ட ஆள் போயாச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியத்துக்குள் காலனியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மூங்கிலும் பச்சை மட்டையும் கொண்டுவந்து வாசலிலேயே பாடை கட்டினார்கள். பெண்கள் உள்ளே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதில் ஒருத்தி நடுவில் நிறுத்தி, மனுசன் பேரு என்னடி என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டு, மறுபடியும் 'என் முனிரத்தின மகராசா' என்று எடுத்தாள். லட்சுமி கார்டன்காரர்களும் வந்தார்கள். பறையைப் பார்த்தார்கள், பறை அடிக்கிறவர்களைப் பார்த்தார்கள், பிறகு சசிரேகாவைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள், இங்கே கொடுத்த காப்பியை வாங்கி, குடிக்காமல் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தம்ளரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் இதற்குத்தான் பயந்தோமா என்று சசிரேகா அதையே பார்த்தாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. பாடையைத் தூக்கும்போது கூட்டத்தில் ஒரு பையன், ஏரி வழியிலே இடுப்புத் தண்ணி நிக்குதே என்றான். எல்லோரும் சின்னதுரையைப் பார்த்தார்கள். அவன் தலைமாட்டு மூங்கிலைத் தோளில் வைத்திருந்தான்.

"ஏரி வழியாத்தான் போறோம். வழி இல்லன்னு பெரியவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. செத்த அன்னிக்கு அவரு பேச்சை மீற வேணாம்."

குத்திச் சொன்னானா, மரியாதைக்குச் சொன்னானா என்று தெரியவில்லை. முகத்தில் இரண்டும் இல்லை. அப்பாவின் பேச்சு அது. அப்பாவின் வாயில் அந்தப் பேச்சை வைத்தவள் நின்றுகொண்டிருக்கிறாள். அவர் அதையும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போகிறார். பேசாமல் இருந்தால் போதும். இன்றோடு முடிந்துவிடும். அப்பாவின் சொல் அப்பாவோடு போய்விடும்.

பாடை வாசலைத் தாண்டித் தெருவுக்குத் திரும்பியது.

"பின்னாடி வழி இருக்கு," என்றாள்.

பறை நின்றது. லோகு, "அக்கா," என்று கையைப் பிடித்தான். சின்னதுரை மெதுவாகத் திரும்பினான். தோளில் பாரம் இருந்ததால் முழு உடம்பும் சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. அவன் கேட்டது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"எழுத்துல இருக்குதா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு."

"எப்போலருந்து?"

"மொதல்லருந்தே."

பாடைக்கு மேல் கட்டிய மாலையிலிருந்து சம்பங்கி ஒன்று உதிர்ந்தது. அம்மாதான் முதலில் பார்வையைத் திருப்பினாள்; அப்பாவின் பக்கம் அல்ல, உள்ளே சுவரில் மாட்டியிருந்த பட்டதாரிச் சான்றிதழின் பக்கம். பிறகு தலையைக் குனிந்து செருப்பின் வாரை நீவிவிட்டாள்.

சசிரேகா உள்ளே போய் ஜன்னல் திண்டில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்தாள். கம்பி தளர்ந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முறுக்குவது அதில்தான். பிடியில் அவர் சுற்றிய சைக்கிள் டியூப் ரப்பர் இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். கூட்டம் கொஞ்சம் தள்ளியே பின்னால் வந்தது. முதல் கம்பி அறுந்து சுருண்டு அவள் முழங்கையைக் கீறியது. அப்பா நன்றாகத்தான் முறுக்கியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. உதவிக்கு யாரும் வரவில்லை. லோகு ஓரடி எடுத்து வைத்தபோது சின்னதுரை வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கடைசிக் கம்பி விழுந்ததும் ஒதுங்கி நின்றாள்.

பறை மறுபடி எழுந்தது. பாடை மனையின் பின்பாதிக்குள் நுழைந்தது. மண் கொட்டிச் சமப்படுத்திப் புல் முளைத்த தரை. தடம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. அவர்கள் கீழே பார்க்கவில்லை. பேசிக்கொள்ளவும் இல்லை. முன்னே இருந்த இரண்டு பேரும் பின்னே இருந்த இரண்டு பேரும் ஒரே நடையில் வந்தார்கள். அதன் நடுவில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், நான்கு பேரும் ஒன்றாக இடப்பக்கம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேரானார்கள்.

பனைமரம் அங்கேதான் நின்றிருந்தது.