ஒழித்த கூடம்

சோபாவை ஜன்னலோரம் போட்டால் அதன் முதுகு நிலைக்கண்ணாடியில் தெரிகிறது என்றார் ஜில்பேர். கண்ணாடியை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் தெருவில் போகிற மாட்டுவண்டியெல்லாம் கூடத்துக்குள் வந்துவிடுகிறது என்றாள் அவருடைய தங்கை புஷ்பமேரி. சோபாவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்ற வண்டிக்காரன் தணிகாசலம் எங்கே இறக்குவது என்று தெரியாமல் மர்த்தின் முகத்தைப் பார்த்தான். வீட்டுக்காரி அவள்தானே, ஒரு வார்த்தை சொன்னால் தோள்வலியாவது தீரும் என்று அவன் நினைத்திருப்பான். மர்த் வாயைத் திறந்தாள். அதற்குள், "அவளுக்கு ஜன்னலோரம்தான் புடிக்கும்" என்று அண்ணனும், "அண்ணிக்குச் செவுத்தோரம்தான் புடிக்கும்" என்று தங்கையும் ஒன்றாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். திறந்த வாயை மர்த் அப்படியே மூடிக்கொண்டாள். தனக்கு என்ன பிடிக்கும் என்பது தன்னைத் தவிர உப்பளம் பேட்டை முழுக்கத் தெரிந்திருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம். ஜில்பேர் சைகோனில் பிரெஞ்சு சர்க்காரின் சுங்க இலாகா உத்தியோகம் முடிந்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, உப்பளத்தில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். சொந்த வீடு என்ற வார்த்தையை மர்த் கேட்டதே அப்போதுதான். கல்யாணமாகிப் போனது சாரம் கிராமத்தில் மாமியார் வீடு. அங்கே அவளுடைய இடம் அடுப்பங்கரைக்கும் கிணற்றுக்கும் நடுவில். பிறகு சைகோன். அங்கே சர்க்கார் கொடுத்த வீடு, சர்க்கார் கொடுத்த மேஜை நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் இலாகா பெயிண்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். போகிற உத்தியோகஸ்தர் வருகிறவரிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். தேய்த்துத் துடைத்தவள் மர்த், சொந்தக்காரன் சர்க்கார். திரும்பி வரும்போது கப்பலில் அவள் மாதாவிடம் பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வீடு முழுவதும் கூட வேண்டாம், ஒரே ஒரு கூடம் என் இஷ்டப்படி இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அதை ஜில்பேரும் மறுக்கவில்லை. குடிவந்த அன்றே கூடத்தைக் காட்டி, "மர்த், இந்தச் சலோன் உன்னோடது. உன் ருசி எதுவோ அப்படி வெச்சுக்க" என்று ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுப்பவர் போலச் சொன்னார். சொன்ன மறுவாரமே, பிரான்சுக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டு ஏலத்துக்குப் போய்ச் சிவப்பு வெல்வெட் சோபா, பளிங்குப் பலகை வைத்த மேஜை, தங்கப்பூச்சுச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றையும் வண்டியேற்றிக்கொண்டு வந்தார். அவை இறங்குவதற்குள் சைகோன் பெட்டிகளும் கப்பல் துறையிலிருந்து வந்து சேர்ந்தன. முத்துச்சிப்பி பதித்த கறுப்பு நாற்காலிகள், வாயைப் பிளந்துகொண்டு டிராகன்கள் சுற்றிக் கிடக்கிற மடக்குத் திரை. புஷ்பமேரி சும்மா இருப்பாளா? இரண்டு வீடு தள்ளித்தான் அவள் இருந்தாள். "நம்ம வூடுன்னு தெரியவேணாமா?" என்று சாரத்து வீட்டிலிருந்து தேக்கு ஊஞ்சலையும் செத்துப்போனவர்களின் படங்கள் அத்தனையையும் கொண்டுவந்து இறக்கினாள். திரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "இந்தப் பாம்பு மாதா காலடியில கெடக்கவேண்டியது, அண்ணி. இதைப் போயி நடுக்கூடத்துல வெப்பாங்களா?" என்றாள். ஜில்பேர் திரையை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டிராகன்களும் இருந்தன, அவற்றுக்கு மேலே மாமனாரின் படமும் இருந்தது. வாசலுக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில்தான் போக வேண்டியிருந்தது.

மர்த் நேர்மையாகத்தான் யோசித்துப் பார்த்தாள். பிரெஞ்சு மாதிரியா, சீனத்து மாதிரியா, நம்ம ஊர் மாதிரியா, எது தன் மனசுக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார மதாம் ஒருத்தி வீட்டில் ஜன்னல் துணி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கையில் கொடுத்த கோப்பை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். சைகோனில் கூட இருந்த மரி வீட்டில் சிப்பி பதித்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, அடியில் நம்பர் இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்த்தது. புஷ்பமேரி வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தால் இறங்கி ஓடி அடுப்பைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எதுவும் ஒட்டவில்லை. ருசி என்று ஒன்று மற்ற மனுஷருக்கெல்லாம் இருக்கிறது, தனக்கு மட்டும் கர்த்தர் வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

ஒருநாள் மத்தியானம், மேஜைக்கால் முட்டியில் இடித்து உயிர்போகிற வலியில் தரையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. குடிவந்த புதிதில், பெட்டிகள் வருவதற்கு முன்னால், இந்தக் கூடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு பாயும் ஒரு தண்ணீர்ப் பானையும்தான். முட்டைவெள்ளை போட்டு மெழுகின சுவர் பால்போல இருந்தது. சிவப்புத் தரை சில்லென்று இருந்தது. ஜன்னல் சட்டங்கள் வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்து, மெதுவாக நகர்ந்து, சுவரில் ஏறி, சாயங்காலம் மேலே போய் மறையும். அவள் பாயில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். சாமான் வருகிறவரை காத்திருக்கிறோம் என்று நினைத்தாளே தவிர, வேண்டியது வந்துவிட்டது என்று அப்போது தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டாள். "எனக்கு ஒண்ணுமே வேணாங்க. கூடம் வெறுமனே இருக்கட்டும்."

ஜில்பேர் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "புஷ்பம் ஏதாவது சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லலங்க. எனக்குப் புடிச்சதைச் சொல்றேன்."

"கோவத்துல பேசாத. வேணுமின்னா அந்தச் சோபாவை ஜன்னலோரமே போட்டுடலாம்" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு அவர் மீனைப் பிசைந்தார். மர்த்துக்குக் கோபம் இல்லை என்று விளக்கப்போய்க் கடைசியில் கோபமே வந்துவிட்டது. எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து, கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்தை ஸ்தாபிப்பதாக ஏற்பாடு. அதன் பிறகு கூடத்தில் எதையும் இடம் மாற்றுவது அந்த ஊர் வழக்கமில்லை. ஆண்டவர் எதைப் பார்த்தபடி உட்கார்ந்தாரோ அதைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வியாழக்கிழமை ஜில்பேர் பென்ஷன் விஷயமாகக் கச்சேரிக்குப் புறப்பட்டதும் மர்த் ஆளனுப்பித் தணிகாசலத்தை வரவழைத்தாள். வாயால் சொன்னால்தானே கோபம் என்கிறார், கண்ணால் பார்க்கட்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

தணிகாசலம் தம்பியையும் அழைத்து வந்திருந்தான். கொல்லைக் கதவு குறுகல், சோபா நுழையவில்லை. "வாசல்லதாம்மா போடணும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு ஏனோ தலையைச் சொறிந்தான். "போடுப்பா, கொஞ்ச நேரந்தானே" என்றாள் மர்த். சோபாவும் நாற்காலிகளும் மற்ற சாமான்களும் தெருவில் சுவரை ஒட்டி வரிசையாகப் போயின. தெருவுக்குக் கொண்டுபோனால் உடைந்துவிடும் என்று கண்ணாடியை மட்டும் உள்ளேயே விட்டு, அவளே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். பிறகு தண்ணீர் கொட்டித் தரையைக் கழுவி, சுவரை ஒற்றித் துடைத்து, தூசியில் கண் சிவந்து, தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயில்கோடு வந்திருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எந்தத் தெருவிலோ யாருக்கோ முடிவு வந்து, அதே நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது. மணி அடித்தால் யாருக்கு என்று தெரிகிறவரை அந்தத் தெருவில் யாருக்கும் அடுப்பு வேலை ஓடாது. எல்லோரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜில்பேர் வீட்டு வாசலில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தெருவுக்கு நாற்காலி வருவது கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. தவசுகாலத்தில் வேதக்காரர் வீட்டில் கல்யாணம் ஏது?

முதலில் வந்தவள் கோடி வீட்டு லூர்துசெல்வி. அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான். முக்காடு போட்டபடி உள்ளே வந்தாள். ஒழித்த கூடத்தையும் சாவு வீட்டில் மூடுவது போல மூடின கண்ணாடியையும், தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தவளின் சிவந்த கண்களையும் பார்த்தாள், மர்த்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ எங்க மிசே ஐயா! சீமையெல்லாம் சுத்திட்டு வந்து, கட்டுன வூட்டுல ஒரு மாசம் இருக்கக் கொடுத்துவெக்கலியே!"

"லூர்து, அதெல்லாம் ஒண்ணுமில்ல... விடு..."

"அப்படித்தாம்மா இருக்கும். மொதல்ல நம்பவே முடியாது" என்று லூர்துசெல்வி இன்னும் இறுக்கிக்கொண்டாள். பின்னாலேயே தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். புஷ்பமேரி, "அண்ணா!" என்று அலறிக்கொண்டே ஓடிவந்து நிலைப்படியில் விழுந்தாள். மர்த் சத்தம்போட்டு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தவர்களுக்கும் பாதிதான் புரிந்தது. சாகவில்லை என்றால் கூடத்தை எதற்கு ஒழிக்க வேண்டும்?

"உங்களுக்குப் பைத்தியமா அண்ணி?" என்று புஷ்பமேரி மூக்கைச் சிந்தினாள். "உசுரோட இருக்கற மனுசனுக்கு இப்படியா ஒழிச்சு வெப்பாங்க?"

வந்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்பதை மர்த் கவனித்தாள். அதே பெண்கள் போன வாரம் வந்தபோது வெல்வெட்டைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போனவர்கள். இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். லூர்துசெல்வி தரையைத் தடவிப் பார்த்து, "நல்லா சில்லுனு இருக்குதும்மா" என்றாள். இவ்வளவு நாளில் அந்தக் கூடத்தை ஒருத்தி மெச்சியது அதுதான். அதுவும் சாவுக்கு வந்த இடத்தில்.

வாசலில் புஷ்புஷ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து தள்ளிவந்த ஆள் வண்டியை நிறுத்துவதற்குள் ஜில்பேர் குதித்து இறங்கினார். நாற்காலிகள், கூட்டம், உள்ளே அழுகிற தங்கையின் குரல். வீட்டில் இருந்தது அவர் பெண்டாட்டி ஒருத்திதான்.

"மொந்தியே! ஆண்டவரே! மர்த்! மர்த்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த மெழுகின சுவரிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் போட்ட காலை மடக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் இந்தத் தரையில் உட்கார்ந்து மர்த் பார்த்ததே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து அவள் மனசு இளகியது உண்மைதான். எழுந்து போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவருக்கு உயிர் திரும்பிவிட்டது, கூடவே கோபமும் வந்துவிட்டது.

"தணிகாசலம்! எல்லாத்தையும் தூக்கி உள்ள கொண்டா! மொதல்ல அந்தச் சோபா!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஊரு சிரிக்க வெச்சுட்டியே. நாளைக்குச் சாமியார் வராரு. இப்பவாவது சொல்லித் தொலை, உனக்கு என்னாதான் புடிக்கும்?"

"இதுதாங்க."

"எது?"

மர்த் கையை நீட்டிக் கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். ஜில்பேர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அங்கே தம் கண்ணில் படாத சாமான் ஏதாவது இருக்கிறதோ என்று தேடுவது போல இருந்தது அவர் பார்வை.

"இதுல என்னாடி இருக்கு? சாவு வூடாட்டம் இருக்குது."

"ஆமாங்க. நான் செத்தா இதை ஒழிச்சுக் கொடுப்பீங்க. நான் கேக்கக்கூட வேணாம். சோபா, கண்ணாடி, பாம்பு எல்லாம் தெருவுக்குப் போயிடும். நடுக்கூடம் பூரா எனக்குத்தான்." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு என்னால கண்ணைத் தொறந்து பாக்க முடியாதுங்க. அதான் இன்னிக்கே பாத்துக்கறேன்."

லூர்துசெல்வி முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். புஷ்பமேரி என்னவோ சொல்ல வந்து அண்ணனைப் பார்த்தாள்.

சிவப்புச் சோபாவைத் தூக்கிக்கொண்டு தணிகாசலமும் தம்பியும் வந்தார்கள். நிலைப்படியைப் பாதி தாண்டினதும் முன்னால் வந்தவன் நின்றுவிட்டான். எங்கே இறக்குவது என்று இந்த முறை அவன் ஜில்பேரின் முகத்தைப் பார்த்தான். ஜில்பேர் கையைத் தூக்கினார். தூக்கிய கை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, அப்படியே நின்றது. சோபாவின் பின்கால் இன்னும் தெருவில் இருந்தது. தரையில் கிடந்த வெயில்கோடுகள் நகர்ந்து, நீட்டியிருந்த அவருடைய பூட்ஸ்மேல் ஏறத் தொடங்கியிருந்தன.