கழன்ற கோடாரி

மூன்று நாளாகியும் ஏபேரின் உள்ளங்கால் புண் ஆறவில்லை. காட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கைதவறிக் கொன்றவர்களுக்கான இந்த அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிவந்தவன், இப்போது அதன் வாசலில் பெரியவர்கள் முன்னால் நின்றான். வாசற்படிக்கு வெளியே, இடுப்பில் கத்தியோடு தோலா நின்றான். ஏபேரின் கோடாரி பட்டுச் செத்துப்போன அகியோ அவனுடைய கூடப்பிறந்தவன். ஏபேர் படியைத் தாண்டினால் தோலா அவனைக் கொல்லலாம், கேள்வி கிடையாது.

கோடாரி பழுதென்று தெரிந்தால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பாவம், ஏபேர் நம்பிக்கொண்டிருந்தான்.

"அகியோவுக்கும் உனக்கும் முன்பகை உண்டாப்பா?" என்றார் மூத்தவர்.

"ஒரே சட்டியில பருப்புக்கூழ் குடிச்சவங்கய்யா நாங்க. ஓங்கி வெட்டுனேன். இரும்பு கழண்டு அவன் நெத்தியில..." ஏபேர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

"காம்பு ஆடுதுன்னு மொதலாளிகிட்ட மூணு தடவ சொன்னேங்க. 'துணியச் சுத்திக்கிட்டு வெட்டுடா, பெரிய ராசா'ன்னாரு."

தோலாவின் பார்வை சட்டென்று மரக்காட்டுச் சொந்தக்காரர் சிம்ரோன் பக்கம் திரும்பியது. சாட்சி சொல்ல வந்தவருக்கு மெத்தை போட்டிருந்தார்கள். அவர் சாய்ந்தபடியே சிரித்தார். "சாக்குச் சொல்ல இவனுக்குச் சொல்லித் தரணுமா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா," என்றார் மூத்தவர் ஏபேரிடம். "கோடாரி யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதாங்க."

அவ்வளவுதான். பகையில்லை, கைதவறிய சாவு என்று தீர்ப்பானது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் சட்டப்படி, தலைமைப் பூசாரியான பிரதான ஆசாரியர் சாகிறவரை ஏபேர் இந்தப் பட்டணத்தை விட்டு வெளியேறக் கூடாது. போன வருஷம் பதவிக்கு வந்த ஆசாரியருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

"பொண்டாட்டி புள்ளைங்கள இங்கேயே கூட்டிக்கிட்டு வந்துரு. பொழைச்சியே, அதுவே பெருசு," என்றார் மூத்தவர், நிஜமான இரக்கத்தோடு.

"அறுப்புக்கு நிக்கிற கொல்லைய எப்படிங்கய்யா கூட்டியாறது?"

பெரியவர்கள் எழுந்து சால்வையை உதறிக்கொண்டார்கள்.

சிம்ரோன் கழுதையில் ஏறி வெளியே போனார். தோலா கத்திப் பிடியில் கைவைத்தபடி வழி விடாமல் நின்றான். ஏபேர் வாசற்படி ஓரம் வந்து பார்த்தான். இவனாவது அந்தப் பழுதான கோடாரியைப் பற்றிக் கேட்பானா?

சிம்ரோன் கழுதையை நிறுத்தினார். "காட்டுல இப்ப ரெண்டு ஆள் கொறையுது தோலா. நாளைக்கு விடியவே வந்துரு."

தோலா கத்திப் பிடியிலிருந்து கையை எடுத்து, கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.