தீர்வு இல்லை என்று எழுதிய இரண்டு பேர்

வகையீட்டுச் சமன்பாடுகளும் நேரியல் பகுப்பாய்வும் என்ற பாடத்தின் இடைத்தேர்வில், மூன்றாம் கேள்வி வகுப்பில் முக்கால்வாசிப் பேரைக் கவிழ்த்தது. ஆனால் "ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரே வீட்டிலிருந்து வருபவர்கள்: அண்ணியும் நாத்தனாரும்.

நாத்தனார் பள்ளியிலிருந்து நேராக வந்தவள். கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவாள். அண்ணி கல்யாணத்தோடு விட்ட படிப்பை, மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே, மறுபடி பிடித்தவர். இருவரில் யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார் என்பதில் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தாழ்வாரத்தில், ஸ்கேல் என்று பெயரெடுத்த நெட்டையன் அண்ணியிடம் கேட்டான்: "என்னக்கா, குடும்பத்தோட காப்பியா?"

"உனக்கு மூணாவது கேள்விக்கு எவ்ளோ?"

"முட்டை."

"அப்போ நீ யாரைப் பாத்து எழுதினே?"

ஸ்கேல் சிரித்துக்கொண்டே வழிவிட்டான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுசேர்க்கையில் வந்தவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை என்று வந்துவிட்டால், சேர்க்கையே ரத்து. இன்னொரு தடவை சேர்த்துக்கொள்ள விதியில் இடம் கிடையாது.

விரிவுரையாளர் இருவரையும் வகுப்பறைக்கு வரச் சொல்லி, நாத்தனாரை வெளியே நிறுத்திவிட்டு, அண்ணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். விரிவுரையாளருக்கும் அண்ணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதுவே சங்கடமாக இருந்தது.

"இந்தத் தப்பு சும்மா தெரியாம வராதுங்க. இப்படித் தப்புப் பண்ண நிறைய யோசிக்கணும். ரெண்டு பேருக்கும் தனித்தனியா வந்துச்சுன்னா நான் நம்பணுமா?"

"தனித்தனியா வரலை மேடம். சேர்ந்தேதான் வந்துச்சு. பரீட்சைக்கு முன்னாடியே, வீட்ல."

அண்ணி பலகைக்குப் போனார். இந்த வகைச் சமன்பாட்டில் வலப்பக்கத்தைப் பார்த்து விடையின் வடிவத்தை ஊகிக்க வேண்டும். ஊகித்தது ஏற்கெனவே இடப்பக்கத்தைப் பூஜ்யமாக்குகிற ஒன்றாக இருந்தால் அது உதவாது. x-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். "ஒரு தடவை பெருக்கினா போதும்னு நினைச்சுட்டோம். இந்தக் கணக்குல அதுவும் பூஜ்யமாத்தான் வருது. கடைசியில பூஜ்யம் சமம் ஒண்ணுன்னு நின்னுச்சு. அதான் தீர்வே இல்லைன்னு எழுதிட்டோம். இன்னொரு தடவை பெருக்கியிருக்கணும்."

"இது எப்போ தெரிஞ்சுது?"

"பரீட்சை முடிஞ்ச மறுநாள், லேப்ல. மனசு கேக்கலை, வேற வழியில போட்டுப் பாத்தேன்."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. எழுதின பரீட்சையைப் பத்திச் சாப்பாட்டு மேசையில பேசினா அன்னிக்குப் பாத்திரம் பூரா தேய்க்கணும். இது எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம்." பிறகு தானே சொன்னார்: "அது சாக்குத்தான். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

விரிவுரையாளர் பேனாவை மூடினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா பரீட்சைக்கு அப்புறம் இதை யார் வேணும்னாலும் கத்துக்கலாமே. அன்னிக்கு அவ தாளைப் பாக்கலைங்கறதுக்கு என்ன சாட்சி?"

அண்ணி பலகையில் எழுதியதை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, விருப்பமில்லாமல் சொல்வதுபோலச் சொன்னார்: "அவளுக்கு வேற கணக்குக் குடுங்க. வலப்பக்கத்துல வெறும் அடுக்குக்குறிச் சார்பு வேண்டாம், அதோட ஒரு x-ஐயும் பெருக்கிக் குடுங்க. எங்க முறையில போட்டா இந்தத் தடவை பூஜ்யம் சமம் ஒண்ணுன்னு வராது. ஒரு மாறிலி x-க்குச் சமம்னு வந்து நிக்கும். அங்கதான் அவ நிப்பா. நான் வெறுமனே பாத்து எழுதினவளா இருந்தா, அவ எந்த வரியில நிப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

விரிவுரையாளர் பின்வரிசையைக் கை காட்டினார். "கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது. தலையை ஆட்டவும் கூடாது."

விரிவுரையாளர் பலகையைத் துடைத்துப் புதுக் கணக்கை எழுதிய பிறகு நாத்தனார் உள்ளே வந்தாள். கடைசி பெஞ்சைப் பார்த்து, பயப்படாதீங்க என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். சாக்பீஸை எடுத்ததும் கூச்சம் போய்விட்டது. பேசிக்கொண்டே எழுதினாள்.

"இது ஏற்கெனவே உள்ள இருக்கற ஆளு மேடம். அதனால வெளியில இருந்து ஒரு x-ஐக் கூட்டிட்டு வரணும். அவ்ளோதான் விஷயம்."

பலகை நிரம்பிக்கொண்டே வந்தது. அண்ணி ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தார். சத்தத்தை வைத்தே எந்த வரி ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. வகையிட்டாயிற்று. மறுபடி வகையிட்டாயிற்று. இப்போது அடித்துக் கழிக்கிறாள். சாக்பீஸ் நின்றது.

2A = x.

நாத்தனார் ஒரு அடி பின்னால் வந்து பலகையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். அந்தப் பெண் யோசிக்கும்போது எப்படி நிற்பாள் என்பது அண்ணிக்குத் தெரியும். விடை கிடைப்பதற்குச் சற்று முன்னால் இப்படித்தான் நிற்பாள். இந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. புரியக் கூடாது என்று அண்ணி மனதார வேண்டினார். வேண்டிய பிறகுதான், தான் என்ன வேண்டினோம் என்பது உறைத்தது.

"மாறிலி எப்படி x-க்குச் சமமாகும்? ஆகாது. அப்போ இதுக்கும் தீர்வு இல்லை, மேடம்." எழுதினாள். அடிக்கோடும் போட்டாள்.

விரிவுரையாளர் கடைசி பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். "காப்பி இல்லைன்னு எழுதிடறேன். ரெண்டு பேருக்கும் அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது. அது வேற விஷயம்." தாள்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

நாத்தனார் வாசலையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கு உங்களைப் பாத்துத் தலையாட்டினாங்க?"

அண்ணி எழுந்து முன் வரிசைக்கு வந்தார். "நீ எங்க வந்து நிப்பேன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன்."

"அப்போ இது தப்பா?"

"ம்."

"தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து வேடிக்கை பாத்தீங்களா, அண்ணி?"

"வாயைத் திறந்திருந்தா எனக்கு இந்த வாசலே மூடியிருக்கும்."

"இப்போ இல்லை. வீட்ல. அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்."

நாத்தனார் திரும்பிப் பலகையின் கடைசி வரியை உள்ளங்கையால் துடைத்தாள். அது சரியாக அழியாமல் வெள்ளையாகத் தேய்ந்தது.

"எங்க தப்புன்னா..." என்று அண்ணி தொடங்கினார்.

"சொல்லாதீங்க," என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "நீங்க கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாதீங்க."

அண்ணி உட்கார்ந்தார். வேலைக்குப் போக வேண்டிய பஸ் போய்விட்டது. சாக்பீஸ் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது.