இருபத்தொரு இழை

மலாயாவில் பாலோ ரயில் ஸ்டேஷனில் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து கண்ணையா அதில் உட்கார்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மேடையின் ஒரு கோடிக்கு நடப்பான், இடுப்பு மடியில் இருந்த சிகரெட் டின்னைத் தொட்டுப் பார்ப்பான், மறுகோடிக்கு நடப்பான். டின்னுக்குள் சிகரெட் கிடையாது. இருபத்தொரு நூல் இருந்தது.

பெரிய கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து புது வேட்டியில் தினம் ஒன்றாக உருவிச் சேர்த்த நூல். இன்றைக்குப் பிள்ளையார் நோன்பு. அத்தனையையும் ஒரே திரியாக்கி, பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்து பிடித்த குட்டிப் பிள்ளையாரில் செருகி, ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுப்பது என்று பெயர். செட்டிநாட்டுக்காரன் எந்தச் சீமைக்குப் போனாலும் இதை விடமாட்டான். ஒரே ஒரு சங்கடம், தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. தன்னைவிட மூத்தவர் கையால் வாங்க வேண்டும். ரயிலேறிப் போனால் குளுவாங்கில் செட்டியார்கள் பத்துப் பேர் கூடுகிறார்கள். அங்கே போகத்தான் இந்த நடை.

"செட்டியாரே, இங்க எத்தன தடவ நடந்தாலும் ரயில் வராதுங்க," என்றான் போர்ட்டர் மணியம். "தண்டவாளத்து மேல இடுப்பளவு தண்ணி நிக்குதாம். நாளைக்கு வந்தா உண்டு."

"நாளைக்கு வந்து எனக்கு என்னய்யா பிரயோசனம்?" என்று கண்ணையா சீறினான். மணியம் என்ன செய்வான், பாவம். மார்கழி மழையை அவனா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான்?

உள்ளபடி சொன்னால், கண்ணையாவுக்கு நோன்பைவிட ஆத்தாளுக்கு எழுத வேண்டிய ஒரு கடிதம்தான் பெரிதாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்ட ரப்பர் தோட்டத்தில் மழையும் வியர்வையும் மாறி மாறி நனைத்ததில் குடுமி காய்ந்த நாளே இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஜோகூர் பாருவில் ஒரு நாவிதர் கடையில் உட்கார்ந்து அதை எடுத்துவிட்டான். முடி திரும்ப முளைப்பதற்குள் சேதி ஊருக்குப் போய்விட்டது. அன்றோடு ஆத்தா கடிதம் போடுவதை நிறுத்திவிட்டாள்.

சொன்னது யார்? பாலோவில் ஊர்க்காரன் வேறு ஒருவன்தான் உண்டு. மளிகைக் கடை காசி. பங்காளி, பக்கத்து வீடு, மூன்று மாதம் மூத்தவன். அன்றிலிருந்து கண்ணையா ஒரு தீப்பெட்டி வாங்குவதென்றாலும் ஊரைச் சுற்றிச் சீனன் கடைக்குத்தான் போனான்.

'முடிதான் போயிற்று, முறை போகவில்லை. இழை எடுத்துக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதினால் ஆத்தா மனம் இளகிவிடும். எடுக்காமலே எழுதலாமே என்றால், அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. இதே இழை விஷயத்தில் அவளிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவன் அவன்.

அப்போது ஏழு வயது. நோன்பன்று வீடெல்லாம் பொரியும் கருப்பட்டிப் பணியாரமுமாக மணக்கும். பணியாரத்துக்கு முதலில் நிற்கிற கண்ணையா, இழைக்கு மட்டும் தூணுக்குப் பின்னால் போய்விடுவான். நெருப்பென்றால் அவ்வளவு பயம். அக்காள் மீனாள் அதை அப்பளம் தின்பதுபோலத் தின்றுவிட்டு அவனைப் பார்த்துச் சிரிப்பாள். "இந்த வருசம் சுடரோட முழுங்கினா, காரைக்குடிச் சந்தையில மரக்குதிரை வாங்கித் தாரேன்," என்றாள் ஆத்தா. சிவப்பு உடம்பு, மஞ்சள் பிடரி, காலுக்கு ஒரு சக்கரம். ஆசை யாரை விட்டது? கையில் வாங்கினான், சுவர்ப்பக்கம் திரும்பினான், உஃப் என்று ஊதினான், விழுங்கினான். குதிரை வந்தது. முற்றத்து வளவு முழுக்கக் கடகடவென்று இழுத்துக்கொண்டு திரிந்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஊதல்தான். திரி அணைந்த புகையும் வெல்லமும் கலந்த அந்த ருசியைத்தான் அவன் நோன்பின் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியது. கண்ணையா ஸ்டேஷனை விட்டிறங்கி நடந்தான். காசி கடையைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். மறுபடி தாண்டினான். மூன்றாம் தடவை மழை வலுத்துக்கொண்டது. மழைக்கு ஒதுங்குகிறேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு படியேறினான்.

"வாங்க," என்றான் காசி. கூடப் படித்தவனிடம் என்ன மரியாதை! கண்ணையாவுக்குச் சுருக்கென்றது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டில் மாவுப் பிள்ளையார் இரண்டு இருந்தன.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு உனக்குடா," என்றான் காசி, மரியாதையைக் காற்றில் விட்டு. "ரெண்டு தடவ தாண்டிப் போனத நான் பாக்கலைன்னா நெனச்சே?"

"நீதானே முடி எடுத்தத ஊருக்கு எழுதினே?"

"நான் எழுதலை. இங்கேருந்து ஊருக்குப் போன எவனோ சொல்லிட்டான். உண்மையான்னு ஆத்தா என்னக் கேட்டு எழுதினாக. அவுககிட்ட எனக்குப் பொய் வரலைடா." காசி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். "இது வந்து பன்னெண்டு நாளாச்சு. நீ கடைப்பக்கம் வந்தாத்தானே குடுக்க?"

"நீ வந்து குடுத்திருக்கலாமே."

"ரோசம் உனக்கு மட்டுந்தானா?"

மீனாள் கையெழுத்து. வார்த்தை ஆத்தாளுடையது.

'காசிக்கு ஆசீர்வாதம். கண்ணையாவுக்கு நீ மூன்று மாதம் மூத்தவன். நோன்பன்றைக்கு அவனைக் கூப்பிட்டு உன் கையால் இழை கொடு. அவன் ஊதி அணைத்துவிட்டுத்தான் விழுங்குவான். மரக்குதிரை வாங்கிக் கொடுத்த வருஷமும் அப்படித்தான். பயந்த பிள்ளை. அந்த நேரம் நீ வேறு பக்கம் பார்த்துக்கொள்.'

அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணையா உட்கார்ந்தான். கீழே அரிசி மூட்டை இருந்தது நல்லதாகப் போயிற்று. இத்தனை வருஷமும் தான் சுவர்ப்பக்கம் திரும்பியதாக நினைத்திருந்தான். திரும்பிக்கொண்டது அவள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

காசி சிகரெட் டின்னை வாங்கி, நூல்களைத் திரித்து, நெய்யில் தோய்த்து, செருகி, ஏற்றி நீட்டினான். நீட்டிய கையோடு முகத்தை மண்ணெண்ணெய்த் தகரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கண்ணையா ஊதவில்லை. சுடரோடு வாயில் போட்டு மூடினான். நாக்கு நுனியில் சுரீரென்றது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம்!

"டேய் காசி, திரும்பு. ஊதலைடா!"

"நான் எங்கே பாத்தேன்? பாக்கக்கூடாதுன்னுல்ல எழுதியிருக்காக."

"சத்தியமா ஊதலை. நாக்கப் பாரு, சுட்டிருக்கு."

"ஆத்தாளுக்கு எழுது. நம்புறாகளான்னு பாப்போம்."

கண்ணையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதம் இருக்கிறதா என்று கேட்டான்.