தினமும் ஏற்றுகிறோம்

கமலவேணி அரிசியைக் களைந்தாள். அதை அடுப்பில் வைக்காமலே கூடத்துக்கு வந்து, கைப்பேசியை எடுத்து, அந்த ஆங்கிலக் கடிதத்தை மறுபடியும் படித்தாள். படித்துவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதை உடனே திறந்தாள்.

கடிதத்தை எழுதி அனுப்பியவர் பாலகிருஷ்ணன். மலாக்கா டவுனில் டயர் கடை வைத்திருப்பவர், முனீஸ்வரர் கோயிலுக்குத் தலைவர். கோயில் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. எண்ணெய்க்கு வளர்த்த கிழட்டுச் செம்பனை மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைக்கப் போகிறார்கள். கோயிலில் இன்னும் பூஜை நடக்கிறதென்றால் அந்த இடத்தை விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் சமப்படுத்திவிடுவோம், புதன்கிழமை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்புங்கள் என்று தோட்டக் கம்பெனி கேட்டிருந்தது. நாளைதான் புதன்.

"தங்கச்சி, நீதான் ஆபீஸ்ல இங்கிலீஷ் எழுதுற ஆளு. டென்ஸ் எல்லாம் கொஞ்சம் தடுமாறுது. சரி பண்ணிக் கம்பெனிக்குத் தட்டிவிட்டுடு" என்று அவர் குரல் பதிவு போட்டிருந்தார்.

கமலவேணி ஜாசினில் ஒரு லோரி கம்பெனியின் குமாஸ்தா. சரக்கு வந்தது, வருகிறது, வரும் என்று எழுதியே தலை நரைத்தவள். வந்த சரக்கையும் வரப்போகிற சரக்கையும் கலந்து எழுதினால் மறு நிமிடம் போன் அலறும் என்பது அவளுக்குத் தெரியும். பாலகிருஷ்ணனின் கடிதத்திலோ நேற்றும் இன்றும் ஒரே இலையில் விழுந்து கிடந்தன. ஒரு வரியில் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், அடுத்த வரியில் அன்னதானம் நடந்து முடிந்துவிட்டது. விளக்கை மேல் வரியில் ஏற்றினோம், கீழ் வரியில் ஏற்றுகிறோம்.

முதலில் எல்லாவற்றையும் இறந்த காலத்துக்கு மாற்றினாள். பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசித்தால் பேப்பரில் வரும் இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. இதை அனுப்பினால் மண்வாரி இயந்திரத்துக்கு நாமே வழிகாட்டினது போலாகும். பிறகு எல்லாவற்றையும் நிகழ்காலமாக்கினாள். அதிலும் பிழையில்லை. ஆனால் தேவாரம் பாடிய அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

"வேணி, சோறு ஆச்சா, ஆகுதா, இல்ல இனிமேதானா?" என்று உள்ளிருந்து கேட்டார் அவள் கணவர் திருச்செல்வம். "அதையும் சரியா சொல்லிடு."

அவள் பாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, விளக்கு தினமும் ஏத்துறோம்னு போடுறதா, ஏத்துனோம்னு போடுறதா?"

"ஏத்துறோம்னு போடு."

"யாரு ஏத்துறா?"

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"என்னா நீ, போலீஸ் மாதிரி கேக்குற. இங்கிலீஷ் சரியா இருந்தா போதும் லா. கம்பெனிக்காரன் வந்து திரியைத் தொட்டா பாக்கப் போறான்?"

"நீங்க கடைசியா எப்ப போனீங்கண்ணே?"

"திருவிழாவுக்கு. உன் கையாலதானே பொங்கல் வாங்குனேன். எதுக்கும் பெத்தம்மா அக்காவக் கேளு, அவங்கதான் கிட்ட இருக்காங்க."

பெத்தம்மாளுக்கு வீடு சுங்கை ரம்பாய் தாமான் குடியிருப்பில்; அவளுக்கும் போன் போட்டாள். "முழங்காலு மடங்க மாட்டேங்குது ஆயி. மவன் மோட்டார்ல கூட்டிட்டுப் போனா வெள்ளிக்கிழம ஏத்துவேன். அவனுக்கு இப்ப ஓவர்டைம். ஏத்தி ரொம்ப நாளாச்சு" என்றாள்.

கமலவேணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு தடவை திருச்செல்வத்தின் லோரி கவிழ்ந்து, அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அப்போது அந்த முனீஸ்வரர் முன்னால்தான் போய் நின்றாள். என்ன கேட்டோம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. அழுதது மட்டும் தெரியும். மனிதர் கால் தாங்கலோடு எழுந்து வந்துவிட்டார். அந்தச் சாமியின் காரியத்தில் ஒரு பொய்யை இலக்கண சுத்தமாக எழுதி அனுப்ப அவள் விரல் வளையவில்லை.

மறுநாள் ஆபீசில் அவள் தப்புப் பண்ணினாள். இன்னும் சிகாமாட்டில் நிற்கிற சரக்கை வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதிவிட்டாள். வாடிக்கையாளர் போனில் கத்தினார். "வேணி, உனக்கே டென்ஸ் தப்புமா?" என்று முதலாளி தவுக்கே சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தாள். மேலே, நடந்து முடிந்தவை: பாடினார்கள், கூடினோம், அன்னமிட்டோம். கீழே, இன்று உள்ளவை. கீழ்ப்பத்தியில் விளக்கு வரி ஒன்றுதான் மிஞ்சியது, பாருங்கள். அதுவும் பொய்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காடியை எடுத்துத் தோட்டத்துக்கு ஓட்டினாள்.

தோட்டத்தில் பாதி மரங்கள் சாய்ந்து கிடந்தன. கோயிலுக்குக் கல்லெறி தூரத்தில் மஞ்சள் மண்வாரி இயந்திரம் நின்றது. விளக்கில் எண்ணெய் காய்ந்து, தூசி மெழுகுபோல் ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவி, வழியில் வாங்கிய எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றினாள். படம் எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குரலும் பதிந்தாள்: "இன்னிக்கு நான் ஏத்திட்டேன். நாளைக்கு யாரு? ஒவ்வொரு நாளைக்கும் ஆளு சொன்னாதான் கடிதம் போகும்."

கும்பிடுகிற கைப் படங்களாக வந்து குவிந்தன. பேர் ஒன்றும் வரவில்லை.

"கும்பிட்டது போதும், கிழமையச் சொல்லுங்க" என்று போட்டாள்.

பெத்தம்மாள்தான் முதலில் பேசினாள். "என் வெள்ளிக்கிழமைய யாரும் எடுத்துக்காதீங்க. யாராச்சும் வந்து கூட்டிட்டு மட்டும் போங்க." உம்பாயில் மீன் கடை வைத்திருக்கும் நிவேந்திரன், "செவ்வாய்க்கிழம கடைக்கு லீவுக்கா, நான் வரேன்" என்றான். பாலகிருஷ்ணன் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில், "திங்கள் போடு லா" என்று வந்தது. ஒவ்வொன்றாக நிரம்பிற்று. சனிக்கிழமையை அவளே வைத்துக்கொண்டாள். புதனுக்கு மட்டும் யாருமில்லை. மணி ஐந்தை நெருங்கியது. அவள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

குழுவைப் பார்த்துவிட்டுத் திருச்செல்வம் போனில் கூப்பிட்டார். "புதன் எனக்கு. கிளட்ச் இல்லாத ஆட்டோ காடிய என் காலு ஓட்டும்ல?"

"உங்களால படி ஏற முடியுமாங்க?"

"எனக்காக நீ போய் நின்ன எடம்தானே. நான் ஒரு தடவ நின்னா என்ன."

புதனுக்கு அவர் பேரைப் போட்டாள். கடைசி வரியைத் திருத்தினாள். சில காலம் தவறவிட்டோம். இப்போது தினமும் மாலையில் விளக்கு ஏற்றுகிறோம். 'தவறவிட்டோம்' என்பதைப் பார்த்தால் பாலகிருஷ்ணன் குதிப்பார். குதிக்கட்டும். படம் போகவே திணறிய லைனை நம்பாமல் மெயின் ரோட் வரைக்கும் ஓட்டிப்போய், ஓரமாக நிறுத்தி, அனுப்பினாள்.

கம்பெனி என்ன சொல்லுமோ தெரியாது. பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பியபோது ரோட்டோரப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று. மேகம் கறுத்து வந்தது. விளக்குக்குத் தடுப்பு ஒன்றும் வைக்காமல் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

எதிரே வந்த லோரி போகட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்து, வண்டியைத் தோட்டத்துப் பக்கமே திருப்பினாள்.