சுவரோரம் ஒரு நாற்காலி

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஆண்கள் கூடிப் பேசும் அறை அது. ஆலோசகர் வாராவாரம் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். ஐந்தே நிமிடத்தில் அத்தனையும் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் எங்களில் யாருக்கும் ஆகாது. இது தெரிந்தும் அவர் வட்டம் போடுவதை விடவில்லை. படித்த மனுஷர், என்ன சொல்ல?

நான் எலக்ட்ரீஷியன். இரண்டு வருஷமாக வருகிறேன். அன்று வேலையிலிருந்து நேராக டூல்ஸ் பையோடு வந்திருந்தேன். மின்விசிறி ஒரே கிறீச் சத்தம். கை சும்மா இருக்குமா? ஏணியில் ஏறிவிட்டேன்.

நான் இறங்குவதற்குள் புதிதாக ஒருவர் வந்தார். குனிந்த தலை நிமிராமல், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர். எனக்குக் கணக்கு சொல்லிக்குடுக்க வீட்டுக்கு வருவாரு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் அண்ணன் குரல். பதினாறு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டு ஓடியவன். இப்போதும் அம்மாவைப் பார்க்க அவன் முன்வாசலில் வந்தால் நான் பின்வாசலில் போய்விடுவேன். என் கல்யாணத்துக்குக்கூட அவனைக் கூப்பிடவில்லை. அவன் வீட்டில் இருந்திருந்தால் அந்த ஆள் என்னை நெருங்கியிருப்பானா, என் கதி தெரிந்தும்தானே திரும்பி வரவில்லை என்று இருபது வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் அதே கதி என்று கனவில்கூட நினைக்கவில்லை.

"எனக்கு ஒரு தம்பி. சின்னப் பையன். நான் போயிட்டா பாடம் நின்னுடும், அந்தாளும் வீட்டுப் பக்கம் வரமாட்டான், தம்பி தப்பிச்சுக்குவான்னுதான் ஓடினேன். வாழ்க்கையில உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்."

ஸ்க்ரூட்ரைவர் என் கைநழுவி விழுந்தது. நிமிர்ந்தான். முகம் வெளிறிப்போனது. என்னையும் ஏணியையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ... ஃபேன் ரிப்பேருக்குத்தானே வந்த?"

கெஞ்சினான். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அவன் உருப்படியாகச் செய்த அந்த ஒன்று அவனிடமே இருக்கும். ஆனால் அப்படித் தலையாட்டிவிட்டால், செத்தாலும் ஆளுக்கொரு மூலையில்தான் சாவோம்.

இறங்கினேன். ஒரு நாற்காலியை இழுத்து, அவன் பக்கத்தில், முதுகு சுவரை ஒட்டும்படி போட்டு உட்கார்ந்தேன். அவன் என் நாற்காலியைப் பார்த்தான். தன்னுடையதைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான்.

"எப்பலேர்ந்துடா?"

"நீ போன மறுவாரத்திலேர்ந்து, அண்ணே" என்றேன். "உனக்குத் தெரியாதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."