கட்டைவிரல் கணக்கு

எங்க வீட்டுக்காரர் ஏழு புயல் பார்த்தவர். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். வெயில் கொளுத்தும் கடற்கரையில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு என்னுடைய குளிர் ஊருக்கு வந்து சேர்ந்த மனிதர். இங்கே புயல் என்றால் செய்தியில் பார்ப்பதோடு சரி. அதனால் கூரை வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் நாலு தகடு அடித்துவிட்டு, இறங்கி வந்து நாற்பது நிமிஷம் புயல் கதை அளப்பார். ஊரே அவருக்குப் புயல் மாமா என்று பேர் வைத்துவிட்டது.

நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள். ஒரு ஜன்னல், ஒரு ரப்பர் முத்திரை, கால் விறைக்காமல் இருக்க ஒரு ஹீட்டர், சுவரில் கடல் வரைபடம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கேயோ வெப்பக் கடலில் கிளம்பிய புயல் நம் பக்கம் வருகிறது என்று ரேடியோ சொன்னதும், வரிசையில் நின்றவர்கள் என்னை விட்டுவிட்டு இவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.

ரேடியோ சொன்ன இடத்திலிருந்து நம் துறை வரைக்கும் வரைபடத்தில் கட்டைவிரலைப் படுக்கவைத்து அளந்தார். ஒரு விரல் நீளம் புயலுக்கு ஒரு நாள் நடை. அவர் ஊரில் அப்படித்தான் அளப்பார்களாம். மூன்றரை விரல் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வராது, அதுவும் நம் கடல் சில்லென்று பட்டதும் வழியிலேயே செத்துவிடும் என்றார். ரேடியோவில் பேசிய வானிலை அம்மா வேறு மாதிரி சொன்னாள். கடல் முன்னைவிடச் சூடாகிவிட்டதால் இப்படிப்பட்ட புயல்கள் குளிர்ப் பக்கம் வரைக்கும் சாகாமல் வரலாம், இங்கே மேலே அடிக்கிற காற்று பிடித்துத் தள்ளுவதால் வேகமும் கூடும் என்றாள். அவள் எத்தனை புயல் பார்த்திருப்பாள் என்று கேட்டார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

எங்கள் மகள் அக்கரைத் தீவில் இருக்கிறாள், நிறைமாசம். அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. இன்றைக்கே வந்துவிடட்டுமா என்று போனில் கேட்டாள். வியாழக்கிழமை வந்தால் போதும் என்று தகப்பன் சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னால் சரிதான் என்று படகோட்டியும் எஞ்சினைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டான். இன்று படகு இல்லை என்று நானே என் கையால் பலகையில் எழுதி மாட்டினேன்.

மத்தியானம் ஒரு மணிச் செய்தி முடிந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த இவர், செய்தி சொன்ன புது இடத்திலிருந்து சும்மா ஒரு தடவை வரைபடத்தில் விரலை வைத்தார். இரண்டரைதான் இருந்தது. மறுபடி வைத்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார், அழுக்குதான் கணக்கைத் தின்றுவிட்டது போல. ஒரு நாள் நடையை ஆறு மணி நேரத்தில் முடித்திருந்தது புயல். அப்படியானால் விடிவதற்குள் இங்கே வந்துவிடும்.

"ஏங்க, ஏழு புயல் பாத்தீங்களே, அதுல இந்த ஊர்ல பாத்தது எத்தனை?" என்றேன்.

வரைபடத்திலிருந்து விரலை எடுத்தார். அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு," என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நேராகப் படகோட்டியிடம் போனார். அவன் எண்ணெய்க் கையோடு இளித்தான். "நீங்கதானே அண்ணே வெள்ளிக்கிழமைன்னீங்க?"

துறையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "நான் சொன்னது தப்பு. அது எங்க ஊர்க் கணக்கு. இங்க எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பொண்ணு அக்கரையில இருக்கா, தம்பி."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து போல்ட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். படகோட்டியும் பக்கத்தில் குந்தி ஸ்பேனரை எடுத்தான். நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டு ஜன்னலை அடைக்க ஓடினார்கள், மீதிப் பேர் எஞ்சினுக்குக் கை கொடுத்தார்கள். மூன்றரைக்குப் படகு கிளம்பியது. இவரும் ஏறிக்கொண்டார். நான் ஜன்னலில் உட்கார்ந்து, யாரும் கேட்காத டிக்கெட்டுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குத் திரும்பியது. மழை சாய்வாக அடித்தது. தொப்பலாக நனைந்து, தகப்பன் கையைப் பிடித்து இறங்கினாள் மகள்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டேன்பா," என்றாள்.

"இனிமே கேக்காதம்மா," என்றார்.

விடியுமுன்னே புயல் வந்தது. எங்கள் தெருவில் பாதிக் கூரையையும் படகுத்துறைப் பலகைகளையும் கொண்டுபோனது. புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது, பத்து நாள் முன்கூட்டியே. ஆஸ்பத்திரி நடையில் நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவரைக் கிண்டல் பண்ண என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. அதை அவிழ்க்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பார்க்க வந்த படகோட்டி, குழந்தை பிறக்க இன்னும் எவ்வளவு நேரமாகும் அண்ணே என்று கேட்டான்.

இவர் கதவைப் பார்த்தார். "உள்ள நர்ஸம்மா இருக்காங்க. அவங்களைக் கேளு," என்றார்.